பெட்டிக்குள் இருந்த என் முழி

போன வாரம் ஒரு சவப்பெட்டிக்குள் இருந்து என் கண்கள் என்னைப் பார்த்தன.

பதறாதீர்கள். உயிரோடு இருந்துதான் எழுதுகிறேன். பதறும் வேலையை எல்லாம் உங்களுக்கும் சேர்த்து நானே செய்து முடித்துவிட்டேன்.

வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியின் தலையில் ஒரு படம் போடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பவனுக்குத் தலை நிறைய முடி. அவனும் நான்தான் — ஒரு காலத்தில். "வாசகர்களை ஏமாற்றியது போதும், புதுப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரியென்று பதுளை பஜாரில் இருக்கும் பாலாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

பாலா என்னோடு படித்தவன். அவனுடைய குடும்பம் பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். துணிக்கடையும் பாத்திரக்கடையும் அண்ணன்மாருக்குப் போய்விட, இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டான். கலியாணம், காதுகுத்து, சடங்கு, சாவு... பசறைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் எந்தத் தோட்டத்தில் எது நடந்தாலும் அவனுடைய மோட்டார் சைக்கிள் அங்கே நிற்கும்.

அன்றைக்கு அவன் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. காரணம், கடை மூலையில் பிரிட்ஜ் சைசில் நின்ற ஒரு மெசின்.

"கொழும்புல இருந்து வந்திருக்கு மச்சான். கிட்ட வந்து பாரு... ஏய், தொடாத!"

"பிரிண்டர்தானே?"

"பழசுதான் பிரிண்டர். நாம குடுக்கிறத அப்பிடியே அடிச்சுத் தரும். இது அப்பிடி இல்ல. யோசிக்கும்."

எனக்கு அப்போதே அதைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யோசிக்கத் தெரிந்த ஒரு ஜீவன் ஏற்கெனவே உண்டு. அந்த யோசனையால் நான் படும் பாடு போதாதா? (மனைவி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.)

பாலா ஒரு கலியாணப் படத்தை எடுத்து நீட்டினான். பொண்ணு, மாப்பிள்ளை, சுற்றிலும் சொந்தக்காரர்கள். எல்லாரும் பளிச்சென்று பார்க்கிறார்கள்.

"இதுல என்ன விசேசம்?"

"இந்த மாமாவப் பாரு. நான் எடுத்தப்போ மனுசன் கண்ண மூடிட்டாரு. மெசின் என்ன பண்ணிச்சு தெரியுமா? அவரு கண்ணு தொறந்திருக்கிற வேற படத்தத் தேடி, அதுலருந்து கண்ண எடுத்து இங்க வச்சு, வெட்டுன எடம் தெரியாம தச்சிருச்சு. நான் ஒண்ணுமே சொல்லல!"

மாமாவைப் பார்த்தேன். வெட்டிய இடம் தெரியவில்லைதான். ஆனால் உதடு ஒரு வேளையில் சிரித்தது, கண் வேறொரு வேளையில் பார்த்தது. ஒரே முகத்தில் இரண்டு நேரம்! எனக்கு அந்த மாமாவை நேரில் சந்திக்க வேண்டாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் படம் அடிக்கும் மெசினைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரே கவலைதான் — உள்ளது உள்ளபடி வர வேண்டும். கறுப்பு கறுப்பாக, சிவப்பு சிவப்பாக. அது கைகூடியதும் அவர்களுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. உள்ளதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுருக்கம் ஒரு குறை. மரு ஒரு குறை. மூடிய கண் ஒரு குறை. எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒரு புத்திசாலி, 'மனிதன் கண்ணை மூடியிருந்தால் அது தவறு, திறந்துவிடு' என்று மெசினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுசன். நம்ம ஊர்ப் பழக்கம் தெரியாத மனுசன்.

என்னை ஸ்டூலில் உட்கார வைத்து பாலா படம் எடுத்தான். எனக்கு ஒரு வியாதி — பிளாஷ் அடித்தால் கண் சிமிட்டிவிடும். அதற்குப் பயந்து கண்ணை முன்கூட்டியே அகட்டி வைத்துக்கொள்வேன். "சட்டைக்குள்ள பல்லி விழுந்த ஆளு மாதிரி முழிக்கிற" என்றான் பாலா. அப்படியே சில படங்கள். ஒன்றில் மட்டும், எவ்வளவு அகட்டியும், கண் மூடிக்கொண்டது.

"கவலைப்படாத. அதான் மெசின் இருக்கே" என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தியாகு உள்ளே வந்தான். முப்பது வயதிருக்கும். பசறைக்கு மேலே ஒரு தோட்டம். அவனுடைய அப்பா ராமையா போன மாதம் இறந்துபோனார். சாவு வீட்டுப் படம் எடுத்தது பாலா. டீக்கடையில் வாங்கிய பணிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அப்பா போட்டோ..."

"இன்னும் அடிக்கலையே தியாகு. அவசரம் இல்லன்னு நீதானே சொன்ன?"

"அக்கா வந்திருச்சுங்கண்ணே. நேத்து."

"குவைத்துல இருந்தா?"

"ஆமாங்க. இப்பத்தான் வேல செய்யுற வீட்டுக்காரங்க விட்டாங்களாம். வந்ததுலருந்து ஒரு வாய் சோறு திங்கல. ஒரே ஒரு கேள்விதான். 'அப்பா கண்ணு மூடித்தான் போனாரா?' அம்மாகிட்ட கேக்குது, என்கிட்ட கேக்குது, பக்கத்து வீட்டுக் காம்பராவுல போயி கேக்குது."

மலையகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண் மூடிப் போனால் நிம்மதியாகப் போனார் என்று அர்த்தம். கண் திறந்தபடி போனால், யாரையோ பார்க்க ஏங்கி, பார்க்காமலே போய்விட்டார். யாரை என்று ஊரே பேசும். வராத பிள்ளை யார் என்று கணக்குப் பார்க்கும்.

ராமையா வீட்டில் வராத பிள்ளை ஒருத்திதான். தியாகுவின் அக்கா புவனா.

"மூடித்தான் போனாருன்னு எல்லாரும் சொல்லியாச்சு. நம்ப மாட்டேங்குது. 'நான் வெசனப்படுவேன்னு மறைக்கிறீங்க, போட்டோவக் காட்டு, கும்பிட்டுட்டுச் சாப்புடுறேன்'னு ஒத்தக் கால்ல நிக்குது."

"ஏன், போன்ல யாரும் எடுக்கலையா?" என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"தோட்டத்துத் தலைவர் விடல சேர். போன தடவ ஒரு சாவுல எவனோ எடுத்துப் பேஸ்புக்ல போட்டுப் பெரிய சண்டையாப் போச்சு. இனிமே ஸ்டுடியோக்காரர் மட்டும்தான்னு சொல்லிட்டாரு." அவன் வாசலைப் பார்த்தான். "அண்ணே, பசறை பஸ்ஸு நிக்குது. சட்டுன்னு..."

பாலா சட்டென்று மெமரி கார்டைத் தேடி எடுத்தான். நானும் சும்மா இராமல், "எனக்கும் நேரமாகுது மச்சான், என்னோடதையும் அடிச்சுக் குடு" என்றேன்.

"சரி, ரெண்டையும் சேத்து ஒரே அடியா அடிச்சிருவோம்."

சேர்த்து. ஒரே அடியாக. அந்த வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெசின் ஒரு பெருமூச்சு விட்டது. சத்தியமாகப் பெருமூச்சுதான். பிறகு படங்கள் ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. தூசி படாமல் இருக்கக் குப்புற விழ வைப்பதும் ஒரு கண்டுபிடிப்பாம். சாவுப் படத்தைக் கடையில் விரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பக்கத்தில் யாராவது கலியாண ஆல்பத்துக்கு வந்து நிற்பார்கள். முதலில் விழுந்த சாவுப் படங்களைப் பாலா குப்புறக் கிடந்தபடியே கட்டாக எடுத்து உறையில் போட்டு, பின் அடித்துக் கொடுத்தான். தியாகுவும் திறக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மெசினின் இன்னொரு வாயிலிருந்து ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது. அடித்த படங்கள் எல்லாம் தீப்பெட்டிப் படம் சைசில், வரிசையாக. கடைக்காரர் சரிபார்ப்பதற்காம். என் அழகைப் பார்க்கும் ஆசையில் நான் அதை எடுத்தேன்.

சாவு வீட்டுப் படங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் காசு. சுற்றிலும் குடும்பம். ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடியிருக்கிறாள். ஒருவன் தரையைப் பார்க்கிறான். அழாமல், தலை குனியாமல், நேராகக் கேமராவைப் பார்ப்பவர் ஒரே ஒருவர்தான்.

பெட்டியில் படுத்திருப்பவர்.

முதல் படத்தில் பார்த்தார். அடுத்ததிலும் பார்த்தார். தாளைச் சாய்த்தேன், பார்த்தார். தலைகீழாகத் திருப்பினேன் — அப்போதும்! கண்கள் அகல விரிந்து, வெள்ளை முழுக்கத் தெரிய, என்னமோ பெரிய பயம் கண்டது மாதிரி...

பணிஸ் தொண்டையில் நின்றுவிட்டது. கத்த நினைத்தேன். வந்தது ஒரு மாதிரியான "கீய்" சத்தம். சைக்கிள் டயரில் காற்று போகும் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலா ஓடி வந்து முதுகில் அறைந்தான். நான் தாளைக் காட்டினேன். அறைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"முருகா..."

வெளியே லொத்தர் சீட்டு விற்கிறவரின் ஒலிபெருக்கி மட்டும் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்றது.

"மச்சான்" என்றேன். "இந்த முழிய நான் எங்கயோ பாத்திருக்கேன்டா."

பாலா என்னைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அவன் ஒரு அடி பின்னால் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"உன் முழிடா இது."

ஆமாம். தினமும் சவரம் செய்யும்போது நான் பார்க்கிற முழி. மெசின் மூடிய கண்ணைக் கண்டிருக்கிறது. தவறு, திருத்த வேண்டும். திறந்த கண் எங்கே? அதே கட்டில் என் படங்கள். மீசை ஒரே மாதிரி, நெற்றி ஒரே மாதிரி, ஆள் ஒன்றுதான் என்று அது தானாகவே முடிவு செய்துவிட்டது. ராமையாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். என்னை அவரோடு சேர்த்த மெசினை நினைத்து அந்தப் பயத்திலும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

ஆனால் தாளின் கடைசியில் என் படங்களைப் பார்த்ததும் ரோஷம் போய்விட்டது. நான் கண் சிமிட்டிய அந்த ஒரு படத்தை மட்டும் மெசின் திருத்தவில்லை. அப்படியே விட்டிருந்தது. மேலே அவர் விழித்திருக்க, கீழே நான் மூடிக் கிடந்தேன். அதை மட்டும் ஏன் விட்டது என்று பாலாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

"டேய்" என்றான் பாலா திடீரென்று. "அந்தப் புள்ள கேட்ட கேள்வி என்ன?"

அப்பா கண்ணு மூடித்தான் போனாரா.

அதற்கு எங்கள் பதில் சட்டைக்குள் பத்திரமாக, பசறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

தியாகுவின் போனுக்கு அடித்தோம். அழைத்த இலக்கத்தை அடைய முடியவில்லை என்று மும்மொழியிலும் மரியாதையாகச் சொன்னார்கள். பாலா மெசினின் திருத்தும் புத்தியை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, சாவுப் படங்களை மட்டும் மறுபடி அடித்தான். இந்தத் தடவை குப்புற விழவிடாமல் கையில் ஏந்தி எடுத்தான். ராமையா கண் மூடியிருந்தார். அமைதியாக, யாருக்கும் பயப்படாதவராக. எனக்கு வந்த நிம்மதி அவருக்கே வந்திருக்காது.

மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். "நான் எதுக்குடா?" என்று கேட்டேன். "உன் கண்ணுதானே? நீயே வந்து சொல்லு" என்றான். நியாயந்தானே? இருந்தாலும் இறங்கி ஓடத் தோன்றியது.

பசறை ரோட்டின் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். மத்தியானம்தான். ஆனால் மேலே ஏற ஏற நமுனுகுல மலைப் பக்கமிருந்து மிஸ்ட் பனிமூட்டமாக இறங்கி ரோட்டை விழுங்கத் தொடங்கியது. தேயிலைக்குள் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்புவரை மிஸ்டில் நின்றார்கள். முகங்கள் திடீரென்று வெளியே வந்து, எங்களைப் பார்த்து, திடீரென்று இல்லாமல் போயின.

வளைவு வந்தால் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அன்றைக்கு மூட முடியவில்லை. ஏனென்று கேளுங்கள். நான் இங்கே மூடினால் அங்கே பஸ்ஸில், உறைக்குள், அவர் மூடுவாரா? இல்லை, நான் மூடுகிற நேரம் பார்த்து அவர் திறப்பாரா? ஐம்பது வயது தாண்டிய, படித்த, பத்தி எழுதுகிற மனுசன் இதை உட்கார்ந்து யோசிக்கிறான். காற்றும் பனியும் அடித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அதையும் நானா அழுகிறேன், அவரா அழுகிறார் என்று...

ஒரு வளைவில் முனியாண்டி. கல்லுக்குப் பெயிண்ட் அடித்து, கண்களை மட்டும் பிரமாண்டமாக விரித்து வைத்திருந்தார்கள். "சாமிக்கும் உன் மெசின்லதான் கண்ணு வச்சாங்களா?" என்று கேட்டேன். பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். பாலா சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டுவிட்டு வந்து ஏறினான். அதில்தான் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போயிற்று.

தோட்டத்துக்குள் திரும்பி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தியதும் பாலா தன் கூலிங் கிளாஸை எடுத்து என் மூஞ்சியில் மாட்டினான். "எதுக்கும் போட்டுக்க. பாத்தவுடனே அது மயங்கி விழுந்திரக்கூடாது." மிஸ்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டு நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் சாக்கடைக் கானுக்குள் ஒரு காலை விட்டேன். ஒரு கோழியை மிதித்தேன். அது போட்ட கூச்சலில் லயமே வெளியே எட்டிப் பார்த்தது. இரகசியமாகப் போய் உறையை மாற்றிவிடலாம் என்ற திட்டம் கோழியோடு போயிற்று.

பஸ் எங்களை முந்தியிருந்தது. உறையும் திறந்திருந்தது.

காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில், தரையில் உட்கார்ந்திருந்தாள் புவனா. மடியில் படங்கள். சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றார்கள். தியாகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவன் உதடு மட்டும் அசைந்தது. "என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க..."

"தங்கச்சி, அது பொய்ப்படம்" என்றான் பாலா. மூச்சு வாங்கியது அவனுக்கு. "மெசின் தப்புப் பண்ணிருச்சும்மா. மூடின கண்ண அதுவாத் தொறந்திருச்சு. சத்தியமா அது உங்கப்பா கண்ணு இல்ல. வேற ஆளோட கண்ணு."

அவள் நிமிர்ந்தாள். அழுத முகம் இல்லை. அழுகை எப்போதோ தீர்ந்துபோன முகம்.

"யாரோட கண்ணு?"

பாலா என்னைக் காட்டிக் கொடுத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "இவரோடது."

"கண்ணாடியக் கழட்டுங்கண்ணே."

கழற்றினேன். லயமே என் கண்ணைப் பார்த்தது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எந்த மனுசனுக்குத்தான் முழி பிதுங்காது? பிதுங்கியது. படத்தில் இருந்த அதே அளவுக்கு. ஒரு பெண் "ஆத்தாடி" என்று பின்னால் நகர்ந்தாள்.

புவனா படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கு இமைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

பிறகு அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"எங்கப்பா செத்தாலும் இப்பிடிப் பயந்து முழிக்க மாட்டாருண்ணே."

முதலில் தியாகு சிரித்தான். பிறகு பெண்கள். என் மானம் போனாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். பாலா கண்ணைத் துடைத்தபடி சரியான படங்களை எடுத்துக் கொடுத்தான். "இந்தா தங்கச்சி. இதுதான் உண்மைப் படம். பாரு, எப்பிடி நிம்மதியாப் படுத்திருக்காருன்னு."

அவள் பார்த்தாள். ஒன்று, இன்னொன்று, அடுத்தது. சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கிப் போனது.

"அண்ணே" என்றாள் பாலாவிடம். "தொறக்கத் தெரிஞ்ச மெசினுக்கு மூடத் தெரியாதா?"

பாலா வாயைத் திறந்து, "இல்லம்மா, செட்டிங்..." என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திவிட்டான். என்ன செட்டிங்? எதைக் காட்டி நிரூபிப்பது? ஒரு கை நிறைய உண்மைப் படங்களை வைத்துக்கொண்டு நின்றோம். அதில் ஒன்றுகூட உண்மைக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

"சொல்லு தியாகு. அப்பா கண்ணு மூடித்தான் போனாரா?"

"மூடித்தான்க்கா... சாமி சத்தியமா..." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அப்போது உள்ளே அடுப்படியிலிருந்து அவர்களுடைய அம்மா வந்தார். கையில் பிளேன்டீத் தட்டு. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எந்தச் சாவு வீடும் இருப்பதில்லை. தட்டைக் கீழே வைத்தார். படங்களை அவர் பார்க்கவில்லை.

"மெசினு மூடல" என்றார். "நான்தான் மூடினேன்."

"அம்மா!" என்றான் தியாகு.

"நீ சும்மா இருடா. எத்தன நாளைக்கு?" அவர் மகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். "விடியக்காலம், பெரட்டுக்கு ஆள் கூப்புடுற நேரம்டி. மூச்சு நின்னுபோச்சு. கண்ணு மூடல. வாசலப் பாத்தபடியே நின்னுச்சு. மூடி விட்டேன், தொறந்துக்கிச்சு. மறுபடி மூடினேன், மறுபடி தொறந்துக்கிச்சு. ஈரத்துணிய வச்சு அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன், எல்லாரும் வாரவரைக்கும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

மிஸ்ட் இஸ்தோப்புக்குள் வந்துவிட்டது. தேத்தண்ணி ஆவியும் அதுவும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. என் முதுகில் இருந்த சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா கையால் அமுக்கி மூடியதை, அந்த லயத்தையே பார்த்திராத ஒரு மெசின், யாரும் சொல்லாமல், திரும்பத் திறந்திருக்கிறது. என் கண்ணை வைத்து. பொய்ப்படம் என்று நாங்கள் விழுந்தடித்துத் திரும்பி வாங்க வந்தது எதை?

இனி அவள் உடைந்துபோவாள் என்றுதான் எல்லாரும் நின்றோம். தியாகு அவளைத் தாங்கப் பக்கத்தில் வந்துவிட்டான்.

புவனா உடையவில்லை.

"வாசலத்தான் பாத்தாராம்மா?"

"ஆமாடி."

"கடைசிவரைக்கும்?"

"கடைசிவரைக்கும்."

அவள் நீண்ட மூச்சு ஒன்று விட்டாள். "அப்ப என்னையத் தேடியிருக்காரு" என்றாள். "நிம்மதியாப் போனாரு, நிம்மதியாப் போனாருன்னு எல்லாருஞ் சொல்லச் சொல்ல... சரி, நான் இல்லாததே அவருக்குத் தெரியல போலருக்குன்னு நெனச்சேன்மா."

அம்மா அவள் தலையைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அழுதாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக, சத்தமாக. நானும் பாலாவும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் திறந்த படங்களில் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளங்கையை அப்பாவின் நெற்றியில் வைத்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். இமையை மூடிவிடுவது மாதிரியே.

சத்தியமாகச் சொல்கிறேன். என் கண்கள் மூடிக்கொண்டன. நான் மூடவில்லை.

திறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. திறந்தபோது அவள் தட்டிலிருந்து ஒரு பிளேன்டீயை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். "சோறு போடவாடி?" என்று அம்மா கேட்டதற்குத் தலையாட்டினாள்.

கிளம்பும்போது பாலா அந்தத் தப்பான படங்களைத் திருப்பிக் கேட்டான். கடையின் பேர் கெட்டுப்போகுமே என்ற கவலை அவனுக்கு. அவள் கண் மூடிய படங்களை எல்லாம் அடுக்கி அவனிடமே நீட்டினாள்.

"இத நீங்க கொண்டுபோங்கண்ணே. அது இருக்கட்டும்."

"கண்ணு அவரோடது இல்லையேம்மா" என்றேன் நான்.

"இருந்துட்டுப் போவுது. பாக்குறது எங்கப்பாதானே" என்றாள்.

கூலிங் கிளாஸைப் பாலாவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். வளைவுகளில்கூட எனக்குப் பயம் வரவில்லை. பயப்படுகிற கண்கள் மேலேயே தங்கிவிட்டன போலும்!

மறுநாள் தியாகு போன் பண்ணினான். அக்கா சாப்பிடுகிறதாம். படத்துக்குக் கண்ணாடி போட்டு, மாலை போட்டு, வாசலுக்கு நேரெதிரே மாட்டிவிட்டார்களாம். யார் உள்ளே வந்தாலும் அப்பா பார்க்கிற மாதிரி.

இப்போதெல்லாம் சாயந்தரமானால் எனக்கு வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது — எங்கள் வீட்டுக்கு யாரும் வர வேண்டியதில்லை என்றாலும்.